குதிரைக் காலும் யானைக் கண்ணும்

சீனச் சதுரங்கத்தில் குதிரைக்குக் கால் உண்டு. நாம் பள்ளிக்கூடத்தில் ஆடிப் பழகிய சதுரங்கத்தின் குதிரை யார் தலைக்கு மேலும் தாவிப் போய் இறங்கும். சீனக் குதிரை தரையில் நடப்பது. முதலில் நேராக ஓரடி, பிறகு கோணலாக ஓரடி. அந்த முதல் அடியை வைக்க வேண்டிய இடத்தில் ஏதாவது ஒரு காய் நின்றுவிட்டால், அது தன்னுடையதோ எதிரியுடையதோ, அந்தப் பக்கம் குதிரைக்குப் போக்கு இல்லை. இதைத்தான் குதிரையின் காலைக் கட்டுவது என்கிறார்கள்.

இந்த ஒரு விதியை ரசிக்கத் தெரிந்தவருக்கு ஆட்டம் முழுவதும் பிடிபட்டுவிடும். இங்கே எந்தக் காயின் பலமும் அந்தக் காயோடு முடிந்துவிடுவதில்லை. பக்கத்தில் யார் நிற்கிறார், வழியை யார் மறிக்கிறார் என்பதைப் பொறுத்து அது கூடும், குறையும். கற்றுக்கொடுப்பவரின் தேர்ச்சியையும் இதை வைத்தே எடைபோடலாம். காய்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போகிறவர் விதிகளை ஒப்பிக்கிறார். ஒரு காய்க்கும் இன்னொரு காய்க்கும் உள்ள வழக்கைக் காட்டுகிறவரே ஆட்டத்தைக் கற்பிக்கிறார்.

பினாங்கில் இந்த ஆட்டத்தைத் தேடி அலைய வேண்டியதில்லை. ஜார்ஜ்டவுன் பழைய கடைவீடுகளின் அஞ்சடியில், படகுத்துறைக் குடியிருப்புகளில், இந்தப் பக்கம் பட்டர்வொர்த்தில் மாக் மண்டின் போன்ற தொழிற்பேட்டை வட்டாரத்துக் கோப்பிக் கடைகளில் எங்கேயாவது ஒரு மேசையில் பலகை விரிந்திருக்கும். ஆடுவது இருவர், சுற்றி நிற்பது ஐந்தாறு பேர். பார்க்கிறவன் வாய் திறக்கக் கூடாது, தொட்ட காயைத் திரும்ப வைக்கக் கூடாது என்று சீனர்களிடம் பழமொழியே இருக்கிறது. சில பலகைகளில் அதை அச்சடித்தும் வைத்திருப்பார்கள். ஆனால் கோப்பிக் கடையில் அந்தச் சட்டம் செல்லாது. "அந்தத் தேரை ஏன் விட்டாய்?" என்று ஒருவர் சத்தம் போடுவார், இன்னொருவர் கையை நீட்டிக் காயையே நகர்த்திக் காட்டுவார். புதிதாகக் கற்க வருகிறவனுக்கு இந்தச் சச்சரவு பெரிய வரம். எது விதி, எது வெறும் பழக்கம், எது அவரவர் பிடிவாதம் என்று ஒரே மாலையில் பிரித்தறியக் கற்றுவிடலாம்.

பலகையில் நெட்டுக்கு ஒன்பது கோடுகள், குறுக்கே பத்து. காய்கள் கட்டங்களுக்குள் உட்காருவதில்லை. கோடுகள் வெட்டிக்கொள்ளும் புள்ளிகளில் நிற்கின்றன. மொத்தம் 90 புள்ளிகள். நடுவில் நெடுங்கோடுகள் அறுந்து ஓர் ஆறு ஓடுகிறது. சூ நாட்டு ஆறு, ஹான் நாட்டு எல்லை என்று அதன் இரு பக்கமும் எழுதியிருக்கும். கி.மு. 206 முதல் 202 வரை சியாங் யூவும் லியூ பாங்கும் சீனத்தைப் பிடிக்க நடத்திய போரின் நினைவு அது. லியூ பாங் வென்று ஹான் வம்சத்தைத் தொடங்கினார். பலகையில் மட்டும் அந்தப் போர் தினமும் புதிதாகத் தொடங்குகிறது.

கட்டத்தில் காய் வைத்துப் பழகியவர்கள் இந்தப் புள்ளிக் கணக்கில் கொஞ்சம் தடுமாறுவார்கள். ஆடு புலி ஆட்டம் தெரிந்த தமிழருக்கு அந்தத் தடுமாற்றம் வேண்டாம். மூன்று புலி, பதினைந்து ஆடு என்று தரையில் கோடு கிழித்து ஆடியவர்கள் நாம். அங்கேயும் காய்கள் கோடுகள் சேரும் இடத்தில்தான் நிற்கும். இந்த ஒற்றுமை இதோடு நிற்பதில்லை. சீனச் சதுரங்கத்தை மேற்கத்தியச் சதுரங்கத்தின் வழியாகக் கற்பிப்பதைவிட ஆடு புலி ஆட்டத்தின் வழியாகக் கற்பிப்பதுதான் நமக்குக் குறுக்குவழி என்று நான் சொல்வதற்கு இன்னும் இரண்டு காரணங்கள் உண்டு.

அதற்கு முன் எழுத்துகளைக் கடக்க வேண்டும். காய்கள் எல்லாம் ஒரே மாதிரி வட்டத் தட்டுகள். மேலே செதுக்கியிருக்கும் சீன எழுத்துதான் அடையாளம். ஒரே காய்க்குச் சிவப்பில் ஓர் எழுத்து, கறுப்பில் வேறோர் எழுத்து என்பதும் உண்டு. கறுப்பின் யானை சிவப்பில் அமைச்சராகிவிடும், நகர்வு ஒன்றேதான். சீனப் பள்ளியில் படித்த நம் பிள்ளைகளுக்கு இது பொருட்டே இல்லை. மற்றவர்கள் எழுத்தைப் படமாகப் பார்த்தால் போதும். குதிரை எழுத்தின் அடியில் நான்கு புள்ளிகள் இருக்கும். நான்கு குளம்புகள் என்று வைத்துக்கொள்ளலாம். தேர் எழுத்தை மேலிருந்து பார்த்த வண்டியாகக் கொள்ளலாம்: நடுவில் பெட்டி, அதை ஊடுருவும் அச்சு, இரு முனையிலும் சக்கரம். பீரங்கி எழுத்தின் இடப்பக்கம் சிவப்பில் நெருப்பைக் குறிக்கும், கறுப்பில் பெரும்பாலும் கல்லைக் குறிக்கும். ஒருவன் வெடிமருந்து வைத்திருக்கிறான், மற்றவன் கல்லெறி பொறி வைத்திருக்கிறான் என்று சொல்லிக் கொடுத்தால் பிள்ளைகள் மறக்கவே மாட்டார்கள்.

நல்ல ஆசான் முதலில் எல்லாக் காயையும் அடுக்க மாட்டார். இரண்டு தளபதிகளையும் தேர்களையும் மட்டும், தளபதிகள் ஒரே கோட்டில் வராதபடி வைப்பார். தேர் நேர்கோட்டில் எவ்வளவு தூரமும் ஓடும். சதுரங்கம் தெரிந்தவனுக்குப் புதிதாகச் சொல்ல எதுவும் இல்லை. தளபதி ஒன்பது புள்ளி கொண்ட அரண்மனையைவிட்டு வெளியே வர முடியாது. நேராக ஒவ்வொரு புள்ளியாக நகர்வார், அவ்வளவுதான். நான்கு நகர்வு ஆடியதும் மாணவன் தன் தளபதியை எதிர்த் தளபதிக்கு நேராகக் கொண்டுபோய் நிறுத்துவான், இடையில் யாரும் இருக்க மாட்டார்கள். ஆசான் காத்திருந்தது அதற்குத்தான். இரண்டு தளபதிகளும் வெறும் கோட்டில் ஒருவரையொருவர் பார்க்கக் கூடாது, பார்க்கும்படி நகர்த்துவது ஆகாது என்ற விதியை அப்போது சொல்வார். முன்பே சொல்லியிருந்தால் அது மனப்பாடம். பலகை கேட்ட பிறகு சொன்னதால் அது அறிவு. கூடவே இன்னொன்றும் மாணவனுக்கு விளங்கிவிடும்: அரண்மனையைவிட்டு வெளியே வராத கிழத் தளபதி, உட்கார்ந்த இடத்திலிருந்தே எதிர்முனை வரை ஒரு கோடு முழுவதையும் ஆள்கிறார்.

அடுத்து காவலர்களும் யானைகளும். காவலர் அரண்மனைக்குள் குறுக்குக் கோட்டில் மட்டும் நகர்வார். அவருக்கு உலகம் ஐந்து புள்ளிகள். யானை கோணலாக இரண்டு புள்ளி தாவும், ஆற்றைக் கடக்காது. அதற்கு உலகம் ஏழு புள்ளிகள். தாவும் பாதையின் நடுப்புள்ளியில் ஏதாவது காய் நின்றால் யானை நகராது. அந்த நடுப்புள்ளிக்குப் பெயர் யானையின் கண். கண்ணை அடைத்துவிட்டால் அத்தனை பெரிய பிராணியும் நின்ற இடத்தில் நிற்கும். இவ்வளவு கட்டுப்பாடுள்ள காய் எதற்கு என்று தோன்றும். இரண்டு யானைகளும் இரண்டு காவலர்களும் முழுசாக நிற்கும் தளபதியைச் சுற்றிவளைத்துப் பார்க்கும்போதுதான் பதில் கிடைக்கும்.

இனி குதிரை. காலைக் கட்டும் விதியில் ஒரு நுட்பம் ஒளிந்திருக்கிறது, அதைப் பல ஆசான்கள் சொல்லாமலே விட்டுவிடுகிறார்கள். சதுரங்கத்தில் என் குதிரை உன் குதிரையைத் தாக்கும் தூரத்தில் இருந்தால், உன் குதிரையும் என்னுடையதைத் தாக்கும். இங்கே அப்படி இல்லை. என் குதிரையின் முதல் அடி ஒரு புள்ளியில் விழுகிறது, உன் குதிரையின் முதல் அடி வேறொரு புள்ளியில். உன் குதிரையின் காலடியில் ஒரு சிப்பாய் நின்றுவிட்டால் நான் உன்னை வெட்டலாம், நீ என்னைத் தொட முடியாது. இரண்டும் ஒரே இனம், ஒரே தூரம். ஆனாலும் அடி ஒரு பக்கத்திலிருந்து மட்டும் விழும். இந்த நிலையை அமைத்துக் காட்டினால் பத்து வயதுப் பிள்ளையும் நிமிர்ந்து உட்காரும்.

பீரங்கியைக் கடைசிக்கு வைக்க வேண்டும், ஏனென்றால் அது வந்தபின் மற்றவை எல்லாம் மாறிவிடும். தேரைப் போலவே நகரும். வெட்டும்போது மட்டும் இடையில் சரியாக ஒரு காய் மேடையாக இருக்க வேண்டும்; அதைத் தாண்டி அப்பால் நிற்பதை வெட்டும். இங்கேதான் ஆடு புலி ஆட்டம் இரண்டாம் முறை கைகொடுக்கிறது, ஒரு திருத்தத்தோடு. புலி ஆட்டைத் தாண்டினால் தாண்டப்பட்ட ஆடு சாகும். பீரங்கி தாண்டினால் தாண்டப்பட்டது பிழைக்கும், அதற்குப் பின்னால் ஒளிந்திருந்தது சாகும். நம் பிள்ளைகள் முதல் ஆட்டத்தில் நடுவில் நின்ற காயைக் கையில் எடுப்பார்கள். ஒருமுறை திருத்தினால் போதும்.

புதியவர் எல்லாரும் முதல் நகர்விலேயே செய்ய ஆசைப்படும் ஒரு காரியம் உண்டு. தொடக்க நிலையில் பீரங்கிக்கு நேரே எதிரியின் பீரங்கி, அதன் பின்னால் குதிரை. தாண்டினால் குதிரை கிடைக்கும்! தாண்டுவார்கள். மூலையில் நிற்கும் தேர் அடுத்த நகர்வில் அந்தப் பீரங்கியை வெட்டும். குதிரைக்குப் பீரங்கி என்பது தொடக்கத்தில் நட்டக் கணக்கு, ஏனென்றால் பலகை நிறையக் காய் இருக்கும் வரை தாண்டுவதற்கு மேடைக்குப் பஞ்சமில்லை. ஆட்டம் முடியும் தறுவாயில் காய்கள் குறைந்து மேடைகள் போய்விடும். குதிரையின் காலைக் கட்டவும் ஆள் இருக்காது. அப்போது குதிரை ஏறும், பீரங்கி இறங்கும். தடையால் வாழும் காயும் தடையால் வாடும் காயும் ஒரே பலகையில் எதிரெதிராக விலை மாறுவதைப் போன்ற நேர்த்தியை வேறெந்த ஆட்டத்திலும் நான் பார்த்ததில்லை.

அந்த நேர்த்தியின் உச்சம் இரட்டைப் பீரங்கி. தளபதிக்கு நேரே ஒரு பீரங்கி, அதன் பின்னால் இன்னொன்று. பின்னது முன்னதை மேடையாக்கிச் செக் கொடுக்கிறது. தடுக்கலாம் என்று எதிரி தளபதிக்கு முன் ஒரு காயைக் கொண்டுவந்தால், அந்தக் காயே முன்னால் நிற்கும் பீரங்கிக்கு மேடையாகிவிடும், செக் நீங்காது. காக்க வந்தவனே ஏணியாகிறான்.

சிப்பாய்க்குப் பின்வாங்கல் கிடையாது. ஆற்றைக் கடக்கும் வரை முன்னே ஓரடி மட்டும், கடந்தபின் பக்கவாட்டிலும் ஓரடி. கடைசிக் கோட்டுக்குப் போனால் பதவி உயர்வும் இல்லை. அங்கே பக்கவாட்டில் மட்டும் அலையும் கிழச் சிப்பாய். மேற்கத்தியச் சதுரங்கத்தில் எட்டாவது வரிசை இலட்சியம். இங்கே அவசரமாகக் கடைசிக் கோட்டுக்கு ஓடுவது முட்டாள்தனம்.

மூன்றாவது ஒற்றுமை ஆட்டத்தின் முடிவில் வருகிறது. நகர்த்த ஒரு வழியும் இல்லாமல் போனால் மேற்கத்தியச் சதுரங்கத்தில் ஆட்டம் சமன். சீனச் சதுரங்கத்தில் அது தோல்வி. புலிகளை நகர முடியாமல் அடைத்துவிட்டால் ஆடுகள் வென்றதாகக் கொள்ளும் நமக்கு இதில் வியக்க ஒன்றுமில்லை. வழியடைத்தலும் வெற்றியே என்ற நியாயம் இரண்டுக்கும் பொது. அதனால்தான் ஒரு தளபதியும் ஒற்றைச் சிப்பாயும் மட்டும் மிஞ்சியவன்கூடப் பல நிலைகளில், தளபதியை நடுக்கோட்டில் உட்காரவைத்து, தனித்து நிற்கும் எதிர்த் தளபதியை மூச்சுத் திணறவைத்து வெல்ல முடிகிறது.

அடிப்படை விதிகள் ஒரு மாலையில் முடிந்துவிடும். கடினமானது அதற்கு மேல் இருக்கிறது. திரும்பத் திரும்பச் செக் கொடுத்து ஆட்டத்தைச் சமனாக இழுக்க முடியாது; கொடுப்பவன்தான் வேறு நகர்வு தேட வேண்டும். ஒரு காயை ஓயாமல் துரத்துவதும் தவறு. ஆனால் எது துரத்தல், எது வெறும் மிரட்டல்? ஆசியச் சீனச் சதுரங்கக் கூட்டமைப்பின் விதிகள் ஒன்று சொல்லும், சீனத்து விதிகள் வேறொன்று சொல்லும். கோப்பிக் கடைத் தகராறுகளில் முக்கால்வாசி இங்கேதான் பிறக்கின்றன. நல்ல ஆசான் இதைப் புதியவனிடம் பேசவே மாட்டார். விதியைச் சொல்லாமல் நிறுத்திவைப்பதும் கற்பித்தலில் சேர்த்திதான்.

ஆட்டம் இன்றைய வடிவத்துக்கு வந்தது சோங் வம்சக் காலத்தில். 1632இல் மிங் அரசின் கடைசிக் காலத்தில் ஜூ ஜின்ஜென் தொகுத்த நூலுக்கு ஆரஞ்சுப் பழத்தின் இரகசியம் என்று பெயர். பழத்துக்குள்ளே கிழவர்கள் அமர்ந்து ஆடிக்கொண்டிருந்த பழங்கதையிலிருந்து வந்த தலைப்பு. பீரங்கியை நடுக்கோட்டுக்கு நகர்த்தித் தாக்குவதில் அந்த நூலுக்குப் பெருமை. பின்னர் சிங் வம்சக் காலத்தில் வாங் ஜாய்யுவேயின் பிளம் மலர் நூல், இரு குதிரைகளையும் திரைபோல் நிறுத்தி அந்தத் தாக்குதலைத் தாங்கவும் திருப்பி அடிக்கவும் முடியும் என்று காட்டியது. அன்று தொடங்கிய பீரங்கி-குதிரை வழக்குக்கு இன்னும் தீர்ப்பு வரவில்லை. ஷாங்காயின் ஹூ ரோங்ஹுவா 1960இல் 15 வயதில் சீன தேசிய வாகையரானார், தொடர்ந்து பத்து முறை வென்றார், 2000இல் 55 வயதில் தம் பதினான்காவது பட்டத்தை எடுத்தார். முதல் உலக வாகையர் போட்டி 1990இல் நமக்குப் பக்கத்தில் சிங்கப்பூரில் நடந்தது. 2010இல் குவாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் இது பதக்க ஆட்டமாயிற்று.

பினாங்குத் தமிழர் பலர் ஹொக்கியன் பேசுவார்கள். சீனச் சமையலில் எந்தத் தெருவில் எது ருசி என்று சொல்லத் தெரியும். கடைக்காரரைப் பெயர் சொல்லி அழைக்கும் பழக்கம் இருக்கும். அதே கடையில் இரண்டு மேசை தள்ளி நடக்கும் ஆட்டம் மட்டும் சீனர்களுடையது என்று விட்டுவிட்டோம். எழுத்து தெரியாது என்பது சாக்கு. இருதரப்பும் சேர்த்து 14 எழுத்துகள்தான், அவற்றிலும் சில பொது. நம் தமிழ்ப்பள்ளிகளின் சதுரங்கக் கழகங்களில், மேற்கத்தியப் பலகையோடு ஒரு சீனப் பலகையும் ஓர் ஆடு புலிப் பலகையும் வைத்தால், மூன்று நாகரிகங்கள் தடையைப் பற்றி என்ன நினைத்தன என்று பிள்ளைகள் கையாலேயே தெரிந்துகொள்வார்கள். ஆடு புலி தெரிந்த வீட்டில் சீனச் சதுரங்கம் பாதி கற்றுமுடித்த ஆட்டம். மீதிப் பாதியைச் சொல்லித்தர, வேண்டாம் என்றாலும் விடாத அரை டஜன் ஆசான்கள் எந்தக் கோப்பிக் கடையிலும் நின்றுகொண்டிருக்கிறார்கள்.