கட்டைவிரலுக்கு ஒரு விசைப்பலகை

செல்பேசியை இரு கைகளாலும் ஏந்தி ஒரு வரி எழுதிப் பாருங்கள். எட்டு விரல்கள் கருவியைத் தாங்குவதிலேயே முடங்கிவிடுகின்றன. எழுதுவதற்கு எஞ்சுபவை இரண்டு கட்டைவிரல்களே. சிறு விசைப்பலகையின் தரத்தை எடைபோட இந்த உண்மையிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

மேசைக் கணினியில் ஒரு விசையின் நடுவிலிருந்து அடுத்த விசையின் நடுவுக்கு ஏறத்தாழ 19 மி.மீ. தூரம் உண்டு. உள்ளங்கைக் கருவியில் வரிசைக்குப் பத்து விசைகளை அடுக்கினால் 6 அல்லது 7 மி.மீ.தான் கிடைக்கும். கட்டைவிரலின் நுனியோ அதைவிட அகலமானது. அப்படியானால் பக்கத்து விசையும் சேர்ந்து அழுந்தாதா?

கனடாவின் ரிசர்ச் இன் மோஷன் நிறுவனம் இதற்கு நல்ல விடை கண்டது. 1999-இல் அது வெளியிட்ட பிளாக்பெர்ரி 850 கட்டைவிரல்களுக்கென்றே அமைந்த மின்னஞ்சல் கருவி. பின்னர் வந்த அதன் செல்பேசிகளில் ஒவ்வொரு விசைக்கும் சாய்வான மேடு கொடுக்கப்பட்டது. விரலின் அகலம் முழுவதும் பதியாமல், மேட்டில் பட்ட பகுதி மட்டுமே விசையை அழுத்தும். அழுத்தியவுடன் 'டக்' என்ற உணர்வு விரலுக்கு எட்டும். கண்ணின் வேலையைத் தொடுபுலன் பகிர்ந்துகொண்டது எனலாம்.

ஆனால் குறையும் இருந்தது. பத்து விரல்களின் வேலை இரண்டின் தலையில் விழுந்தது. கட்டைவிரலை இயக்கும் தசைநார்கள் மணிக்கட்டில் ஒரு குறுகிய உறையின் வழியே செல்கின்றன. அங்கே தோன்றும் வலியை 1895-இல் சுவிஸ் மருத்துவர் ஃபிரிட்ஸ் டி குவர்வேன் விவரித்தார். ஓயாத கட்டைவிரல் வேலை அந்த வலியை மிகுவிக்கும். விசையை எவ்வளவு செம்மையாகச் செதுக்கினாலும் இந்தச் சுமை குறையாது.

2007-இல் ஐபோன் வந்தபின் கண்ணாடித் திரை மேலோங்கியது. விசையின் மேடு மறைந்தது. பழைய பிளாக்பெர்ரி கருவிகளுக்கான சேவையும் 2022 ஜனவரி 4 அன்று நின்றது. எனினும் 2024-இல், செல்பேசியின் அடியில் மாட்டும் 'கிளிக்ஸ்' விசைப்பலகை விற்பனைக்கு வந்தது. தொடுவுணர்வு திரும்பியது மகிழ்ச்சியே. ஆனால் இதில் விசைகள் அடிமுனையில் இருக்க, செல்பேசியின் எடை முழுவதும் அவற்றுக்கு மேலே நிற்கிறது. தலை கனத்த பொருளைச் சாயாமல் பிடிக்க மற்ற விரல்கள் கூடுதலாக உழைக்க வேண்டும் அல்லவா? எழுதும் விரலுக்குக் கிடைத்த வசதிக்குத் தாங்கும் விரல்கள் விலை கொடுக்கின்றன.

ஆகவே, விசைப்பலகை வாங்குமுன் விசையை மட்டும் அழுத்திப் பார்க்காதீர்கள். கருவியைக் கையில் ஏந்தி ஒரு முழுக் கடிதம் எழுதிப் பாருங்கள். உங்கள் மணிக்கட்டு சொல்வதே சரியான தீர்ப்பு.