மதிப்பெண்ணும் மாத ஊதியமும்

ஆசிரியரின் ஊதியத்தை மாணாக்கரின் தேர்வு மதிப்பெண்ணோடு பிணைத்துவிட்டால் கல்வி தானே உயரும் என்னும் கருத்து, காலந்தோறும் புதியது போலத் தலைகாட்டுகின்றது. கேட்பதற்கு அது நியாயமாகவே தோன்றும். பால்மரம் சீவுகின்றவர் கொண்டுவந்த பாலின் எடைக்கேற்பக் கூலி பெறுகின்றார். கற்பிக்கின்றவர் மட்டும், மாணாக்கர் கற்றாலும் கல்லாவிடினும், மாதம் முடிந்ததும் ஒரே சம்பளம் பெறுவது ஏன் என்று வரி செலுத்தும் குடிமகன் வினவுகின்றான். அவ்வினாவைச் சினந்து தள்ளுவது ஆசிரியர்க்கு அழகன்று. விடை கூறுவதே அழகு. விடையைத் தேடி நாம் ஊகத்தில் அலைய வேண்டியதுமில்லை. இம்முறையை ஏறத்தாழ முப்பது ஆண்டுக்காலம் கைக்கொண்டு, பின்னர்க் கைவிட்ட ஒரு நாட்டின் வரலாறு நம் கண்முன் உள்ளது.

அந்நாடு இங்கிலாந்து. தொடக்கப் பள்ளிகளில் பெரும்பாலான பிள்ளைகள் எழுத்தும் எண்ணும் செம்மையாகக் கற்கவில்லை என்று, 1861ஆம் ஆண்டில் நியூகாசில் ஆணைக்குழு அறிக்கை தந்தது. அக்காலத்தில் அரசின் கல்விப் பொறுப்பை வகித்த இராபர்ட் லோ என்பார், அதற்கு மருந்தாக 1862ஆம் ஆண்டில் 'திருத்திய விதித்தொகுப்பு' ஒன்றைக் கொண்டுவந்தார். அதன்படி, பள்ளிக்கு வரும் பிள்ளைகளின் சராசரி எண்ணிக்கையைக் கொண்டு தலைக்கு 4 ஷில்லிங்கு மானியம் கிடைக்கும். ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளை, உரிய வருகையும் பெற்று, ஆய்வாளர் முன் தேர்வில் நின்றால் மேலும் 8 ஷில்லிங்கு கிடைக்கும். ஆனால் படிப்பு, எழுத்து, கணக்கு ஆகிய மூன்றில் தவறிய ஒவ்வொன்றுக்கும் 2 ஷில்லிங்கு 8 பென்சு கழிக்கப்படும். அஃதாவது, ஒரு குழந்தை ஒரு கணக்கில் இடறினால் பள்ளியின் பணப்பெட்டியில் அவ்வளவு குறையும்.

அதற்கு முன்னர், பயிற்சிச் சான்றிதழ் பெற்ற ஆசிரியர்க்கு அரசே நேரடியாக ஊதிய உதவி வழங்கி வந்தது. புதிய விதி அவ்வுதவியை நிறுத்தியது. பணம் முழுவதும் பள்ளி நிருவாகிகளின் கைக்குச் சென்றது. ஆசிரியர் தம் சம்பளத்திற்கு அவர்களிடம் பேரம் பேச வேண்டியவரானார். மானியத்தில் இன்ன பங்கு ஆசிரியர்க்கு என்று பல பள்ளிகளில் ஒப்பந்தம் செய்துகொள்ளப்பட்டது. மாணாக்கரின் நாவும் விரலும் ஆசிரியரின் அடுப்பு எரிவதற்குப் பொறுப்பாயின.

விளைவு யாது? அரசுக்குச் செலவு குறைந்தது உண்மை. 1861ஆம் ஆண்டில் 8 இலட்சம் பவுனுக்கு மேல் இருந்த மானியம், 1865ஆம் ஆண்டில் ஏறத்தாழ 6 இலட்சத்து 37 ஆயிரம் பவுனாகச் சுருங்கிற்று. கல்வியும் உடன் சுருங்கியது. வரலாறு, நிலநூல், இலக்கணம் முதலியன பணம் தாராத பாடங்களாதலின் பின்னுக்குத் தள்ளப்பட்டன. ஆண்டு முழுவதும் ஒரே வாசக நூலைத் திரும்பத் திரும்ப ஓதி, பார்க்காமலே ஒப்பிக்கும் பிள்ளைகள் உருவாயினர். வேறொரு நூலை விரித்துக் கொடுத்தால் அவர்களுள் பலர்க்கு வாய் திறக்கவில்லை.

இதனை எதிர்த்து எழுந்த குரல்களுள் தலையாயது கவிஞரும் திறனாய்வாளருமான மாத்யூ ஆர்னல்டின் குரலாகும். அவர் 1851 முதல் 1886 வரை பள்ளி ஆய்வாளராக ஊர் ஊராகச் சென்று பிள்ளைகளைத் தேர்வு செய்தவர். தம்மை ஊழியத்தில் அமர்த்திய துறையையே எதிர்த்து, 1862ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டார். பள்ளி என்பது மூன்று திறன்களை விற்கும் கடை போன்றதன்று. ஏழைப் பிள்ளையைப் பண்பட்ட மனிதனாக்கும் நிலையம் அது. ஆகவே ஆய்வாளர் பள்ளியின் உயிரையும் ஒழுங்கையும் முழுமையாகக் காண வேண்டுமேயன்றித் தலைதலையாக எண்ணிக் கணக்குப் போடுதல் கூடாது என்பது அவர்தம் வாதத்தின் சாரம். ஐந்தாண்டுகள் கழித்து 1867ஆம் ஆண்டு அறிக்கையிலும், கற்பித்தல் உயிரிழந்து பொறி இயங்குவது போல ஆகிவிட்டதென்று எழுதினார். 1890ஆம் ஆண்டு முதல் இம்முறை படிப்படியாகத் தளர்த்தப்பட்டு, அந்நூற்றாண்டு முடியுமுன் மறைந்தது.

இவ்வரலாறு நமக்கு அயலான் வீட்டுக் கதையன்று. சென்னை மாகாணத்திலும், இலங்கையிலும், மலாயாவின் நீரிணைக் குடியேற்றங்களிலும் உதவி பெறும் பள்ளிகளுக்குத் தேர்வு முடிவைப் பார்த்து மானியம் வழங்கும் வழக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கில ஆட்சியாளரால் புகுத்தப்பட்டது. நம் மூதாதையர் மணலில் எழுதிப் பயின்ற திண்ணைப் பள்ளிகள் பலவும் அவ்வலையில் அகப்பட்டன.

இனி, நம் இலக்கண மரபின் துணைகொண்டு இம்முறையை எடைபோட்டுப் பார்ப்போம். பவணந்தி முனிவர் நன்னூலின் பாயிரத்தில் நல்லாசிரியனுக்கு நிலத்தையும் மலையையும் துலாக்கோலையும் மலரையும் உவமை கூறுகின்றார். துலாக்கோல் எப்பக்கமும் சாயாமல் உள்ள எடையைக் காட்டுவது. ஊதியம் மதிப்பெண்ணில் தொங்கும்போது அக்கோலின் ஒரு தட்டிலே ஆசிரியரின் குடும்பமே ஏறி அமர்ந்துவிடுகின்றது. அதன் பின்னும் முள் நேராக நிற்க வேண்டுமென்று எதிர்பார்ப்பது மனித இயல்பை அறியாமையாகும்.

அந்நூலே மாணாக்கரையும் தரம் பிரிக்கின்றது. அன்னமும் பசுவும் போன்றோர் தலை மாணாக்கர். மண்ணும் கிளியும் போன்றோர் இடை மாணாக்கர். சொல்லிக் கொடுத்ததைச் சொல்லும் கிளிக்கு நம் முன்னோர் இரண்டாம் இடமே தந்தனர் என்பது எண்ணத்தக்கது. பாலையும் நீரையும் பிரித்தறியும் அன்னத்தை உருவாக்க ஆண்டுகள் பல ஆகும். ஒப்பிக்கும் கிளியை ஆறு மாதத்தில் உருவாக்கிவிடலாம். ஆண்டுத் தேர்வுக்குக் கூலி என்றால் ஆசிரியர் எதனை வளர்ப்பார்? விடை வெளிப்படை.

கோல் சாய்வதற்கு அண்மைக்காலச் சான்றும் உண்டு. அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் மதிப்பெண் உயர்ந்த பள்ளிகளுக்கு வெகுமதியும், உயராத பள்ளிகளின் தலைமையாசிரியர்க்குப் பதவி அச்சமும் இருந்தன. 2009ஆம் ஆண்டுத் தேர்வை ஆராய்ந்த மாநில விசாரணைக் குழு 2011ஆம் ஆண்டில் அறிக்கை தந்தது. ஆராய்ந்த 56 பள்ளிகளுள் 44இல் முறைகேடு நடந்ததாகவும், 178 கல்வியாளர்கள் அதில் தொடர்புற்றதாகவும் அது கண்டது. பிள்ளைகள் எழுதிய தவறான விடைகளை அழித்துச் சரியான விடைகளை ஆசிரியர்களே குறித்திருந்தனர். 2015ஆம் ஆண்டில் பதினொருவர் நீதிமன்றத்தில் குற்றவாளிகளாகத் தீர்ப்பளிக்கப்பட்டனர். இதில் பெரிதும் இழந்தவர் யார்? படிக்கத் தெரியாத பிள்ளை, படிக்கத் தெரிந்தவனாகத் தாளில் காட்டப்பட்டான். ஆகையால் அவனுக்குக் கிடைத்திருக்க வேண்டிய தனிக் கவனம் கிடைக்காமற் போயிற்று. நோயாளியின் காய்ச்சலைக் குறைக்காமல் வெப்பமானியைக் குளிர்ந்த நீரில் வைத்தது போன்றது அச்செயல்.

மாற்றுத் தரப்பின் வலுவான சான்றையும் மறைத்தல் நேர்மையன்று. ஆந்திர மாநிலத்தின் சிற்றூர் அரசுப் பள்ளிகளில் 2005ஆம் ஆண்டு தொடங்கிக் கார்த்திக் முரளிதரன், வெங்கடேசு சுந்தரராமன் என்னும் பொருளியலார் இருவர் நடத்திய ஆய்வில், ஊக்கத்தொகை பெற்ற பள்ளிகளின் பிள்ளைகள் கணக்கிலும் மொழியிலும் மற்றவரினும் தெளிவாக முன்னேறினர். ஆனால் அத்திட்டத்தின் அமைப்பைக் கூர்ந்து நோக்க வேண்டும். அங்கே அடிப்படை ஊதியத்தில் யாரும் கை வைக்கவில்லை. சிறு தொகை மேலதிகமாக வழங்கப்பட்டது. தேர்ச்சி பெற்றோரை எண்ணாமல், பிள்ளைகள் அனைவரும் முன்பிருந்த நிலையினின்று அடைந்த சராசரி முன்னேற்றமே எண்ணப்பட்டது. ஆகவே கடைசி வரிசைப் பிள்ளையைக் கைவிடுவதில் ஆதாயம் இல்லை. மாறாக, அமெரிக்காவின் நாசுவில் நகரில் கணித ஆசிரியர்க்கு 15,000 டாலர் வரை பரிசளிப்பதாகக் கூறி மூன்றாண்டுகள் நடத்திய ஆய்வு, மொத்தத்தில் குறிப்பிடத்தக்க உயர்வு எதனையும் காணவில்லை என்று 2010ஆம் ஆண்டில் வெளியான அதன் முடிவு தெரிவித்தது. சிறு ஊக்கம் சில சூழலில் பயன் தரலாம். பெரும்பணம் எங்கும் பயன் தரும் என்பதற்குச் சான்றில்லை.

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் ஆசிரியரின் மாத ஊதியம் மாணாக்கரின் மதிப்பெண்ணைக் கொண்டு கணக்கிடப்படுவதில்லை. எனினும் ஊதியத்தில் நுழையாத கணக்கு புகழில் நுழைந்துவிட்டது. சிங்கப்பூரில் பள்ளிகளை வரிசைப்படுத்தும் பட்டியல் 2004ஆம் ஆண்டில் தரப்பிரிவுகளாக மாற்றப்பட்டு, 2012ஆம் ஆண்டில் அப்பிரிவுகளும் நீக்கப்பட்டன. மலேசியாவில் 1988ஆம் ஆண்டு தொடங்கிய யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021ஆம் ஆண்டில் கைவிடப்பட்டது. அத்தேர்வு நடந்த காலத்தில், ஏழு பாடங்களிலும் 'ஏ' பெற்ற பிள்ளைகளின் படங்களை நாளேடுகள் பக்கம் பக்கமாக வெளியிட்டன. எத்தனை பேர் ஏழு 'ஏ' என்பதே தமிழ்ப்பள்ளியின் மதிப்பாகக் கொள்ளப்பட்டது. தோட்டத்தினின்று பெயர்ந்துவந்த வீட்டில், நூலும் விளக்கும் அமைதியும் இல்லாத சூழலில், எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கிய பிள்ளைக்கு எந்த ஏட்டிலும் படம் இல்லை. அப்பிள்ளையைப் படிக்க வைத்த ஆசிரியர்க்கும் மாலை இல்லை. மதிப்பெண்ணோடு ஊதியத்தையும் பிணைத்தால், இன்று புகழ் கிட்டாத அவ்வாசிரியர்க்கு நாளை பொருளும் கிட்டாது; எளிய பிள்ளைகள் நிறைந்த வகுப்பை ஏற்க அவர் தயங்குவார். தமிழ்ப்பள்ளிகளை நம்பி நிற்கும் வறிய குடும்பங்களுக்கு இதைவிடப் பெரிய இழப்பு வேறில்லை.

ஆயின், கடமை தவறும் ஆசிரியரை யாரும் கேட்கலாகாதோ எனின், கேட்கவே வேண்டும். அவர்தம் வகுப்பிற்குள் சென்று, பாடம் நடத்தும் முறையையும் பிள்ளைகளின் ஏடுகளையும் அறிவுடையோர் நேரிற் கண்டு கேட்க வேண்டும். தேர்வும் வேண்டும், யாருக்கு எங்கே உதவி தேவை என்று காட்டும் விளக்காக அது அமைதல் வேண்டும். ஊதியம் நிறைவாக இருத்தல் வேண்டும். கூடுதலாகக் கொடுப்பதாயின், கடினமான பள்ளிக்குச் செல்ல முன்வருபவர்க்கு முதலில் கொடுத்தல் தகும்.

ஆசிரியப் பணிக்கு ஆயத்தமாகும் மாணாக்கர் ஒன்றை நெஞ்சில் நிறுத்துக. உங்கள் வகுப்பில் பின்வரிசையில் அமர்ந்திருக்கும் பிள்ளை உங்கள் வருவாயைக் குறைக்கும் சுமையாக ஒருநாளும் உங்கள் கண்ணுக்குத் தோன்றலாகாது. அவ்வாறு தோன்றச் செய்யும் எந்தத் திட்டத்தையும், அது எத்துணை அழகிய பெயரோடு வரினும், நாம் ஒன்றுபட்டு மறுப்போமாக.