மனிதனை அளக்கும் கோல்: ‘ஸ்டார் ட்ரெக்’ நாடகத் தொடர் பற்றிய ஓர் ஆய்வு

ஊவா மாகாணத்துத் தேயிலைத் தோட்டங்களினூடாகச் செல்வோர் கண்ணில் இன்று தவறாது படும் காட்சி ஒன்றுண்டு. பல தலைமுறை கண்ட லயங்களின் தகரக் கூரைகள்மேல் தொலைக்காட்சி அலைவாங்கிக் கிண்ணங்கள் விண்ணை நோக்கி நிற்கின்றன. பூமத்திய ரேகைக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்தில், புவியின் சுழற்சிக்கு ஒப்பச் சுற்றும் செய்மதிகளையே அவை நோக்குகின்றன. அத்தகைய செய்மதிகள் வாயிலாக உலகெங்கும் செய்தி பரப்புதல் கூடுமென 1945ஆம் ஆண்டில் எடுத்துரைத்தவர் ஆதர் சி. கிளார்க். விஞ்ஞானப் புனைகதை வல்லுநராகிய அவர், 1956 முதல் 2008இல் மறையும் வரை இலங்கையையே தம் வாழ்விடமாகக் கொண்டவர். ஆதலின் விஞ்ஞானப் புனைவு மேனாட்டார்க்கே உரிய பொழுதுபோக்கு என்றும், மலைநாட்டு வாழ்வுக்கும் அதற்கும் யாதொரு தொடர்பும் இல்லையென்றும் ஒதுக்கிவிடுதல் பொருந்தாது.

அப்புனைவு வகையுள் தொலைக்காட்சியில் நெடிது நிலைத்தவற்றுள் ஒன்று ‘ஸ்டார் ட்ரெக்’. ஜீன் ரொடன்பெரி என்னும் அமெரிக்கர் படைத்த இத்தொடர் 1966 செப்ரெம்பர் 8ஆம் நாள் முதன்முதல் ஒளிபரப்பாயிற்று. மூன்று பருவங்களில் 79 நாடகங்களோடு 1969இல் அது நின்றுவிட்டது. எனினும் அன்பர் கூட்டம் அதனை மறந்திலது. 1987 முதல் 1994 வரை அதன் ‘அடுத்த தலைமுறை’ 178 நாடகங்களாய் வளர்ந்தது. அதன் பின்னும் பல கிளைத் தொடர்கள் தோன்றின. ஒளியை விஞ்சிச் செல்லும் கப்பலும், கூர்ஞ்செவி வேற்றுக்கிரகத்தானும், ஓரிடத்தில் மறைந்து வேறோரிடத்தில் தோன்றும் பொறியுமே இதன் சிறப்பென்பர் பலர். அவை அணிகலன்களே, உயிர் வேறிடத்தில் உள்ளது. மனிதன் எனப்படுபவன் யார்? அவனை அளத்தற்குரிய கோல் யாது? அக்கோலைக் கையிற் பிடிப்பவன் யார்? இம்மூன்று வினாக்களுள் முன்னைய இரண்டையும் இத்தொடர் துணிந்து வினாவியது. மூன்றாவதையோ பெரும்பாலும் மறந்தது. அதன் பெருமையும் குறையும் இவ்விடத்தேயே உள.

முதலிற் பெருமையை நோக்குவோம். 1989 பெப்ரவரியில் ஒளிபரப்பான ‘மனிதனின் அளவு’ என்னும் நாடகத்தை எழுதியவர் மெலிண்டா ஸ்னொட்கிராஸ். எழுத்துத் துறைக்கு வருமுன் அவர் வழக்கறிஞராக இருந்தவர். ஆகவே நாடகமும் நீதிமன்றத்தில் நிகழ்கின்றது. ‘டேற்றா’ என்பது மனித வடிவிற் சமைக்கப்பட்ட இயந்திரம். கப்பலில் அதிகாரியாகப் பணிபுரிவது. மடொக்ஸ் என்னும் ஆராய்ச்சியாளர், அதனைக் கழற்றி ஆராய்ந்து, அதுபோற் பலவற்றைச் செய்ய விழைகின்றார். டேற்றா இசையாது பதவி துறக்க முற்படுகின்றது. துறக்க முடியாது, அஃது அரசின் உடைமை என்கின்றனர். உடைமையா, உரிமையுடைய உயிரா என்பதே வழக்கு. அரசின் பக்கம் வாதிடக் கட்டாயப்படுத்தப்பட்ட நண்பர் ரைக்கர், டேற்றாவின் கையைக் கழற்றிக் காட்டுகின்றார்; பின்னர் விசையைத் தட்டி அதனைச் செயலிழக்கவும் செய்கின்றார். கப்பற் றலைவர் பிக்காட்டின் வாதமோ வேறு. அறிவு, தன்னை உணர்தல், நனவு என்பன உயிர்க்கு இலக்கணமாயின், அவை இல்லையென எவர் துணிந்து கூறவல்லார்? ஒன்றைப்போல் ஆயிரம் செய்து, ‘உடைமை’ எனப் பெயரிட்டு வேலைவாங்கின், அது புதியதோர் அடிமை இனத்தைப் படைத்தலன்றோ? டேற்றா எவர்க்கும் உடைமையன்று எனத் தீர்ப்பாகின்றது. வென்றபின் டேற்றா மடொக்ஸைப் பகைத்திலது. ஆராய்ச்சியைத் தொடருமாறு ஊக்குகின்றது. அதுகாறும் ‘அது’ என்றே கூறிவந்த மடொக்ஸ், அறியாமலே ‘அவன்’ என்று கூறிவிடுகின்றார். அச்சொல் மாற்றமே நாடகத்தின் உச்சம்.

தமிழ் மாணவர்க்கு இவ்வுச்சம் எளிதிற் புலப்படும். தொல்காப்பியர் சொல்லதிகாரத்தின் தொடக்கத்திலேயே உலகை உயர்திணை, அஃறிணை என இரு கூறாக்குகின்றார். மக்கட் சுட்டே உயர்திணை. ‘வந்தான்’ என்பதா, ‘வந்தது’ என்பதா என்று தெளியாமல் தமிழில் ஒரு வாக்கியத்தைத்தானும் முடித்தல் அரிது. இக்கட்டுரையிலும் டேற்றாவை ‘அது’ என்றே சுட்டியதைக் கற்றோர் கவனித்திருப்பர். தீர்ப்பின் பின் அவ்வாறு எழுதுதல் முறையன்று. இனி அவன் ‘அவன்’ ஆவான்.

தோட்டங்களிலே இவ்வினா இலக்கணத்தோடு நின்றதில்லை. உழைப்புக்குரிய ஊதியத்தைக் குறித்த ‘கூலி’ என்னும் சொல் உழைக்கும் மனிதனுக்கே பெயராயிற்று. குறித்த நிறைக்குக் கொழுந்து பறித்தவர்க்குச் செக்றோலிற் ‘பேர்’ விழும், குறைந்தால் ‘அரைப்பேர்’. ஒரு மனிதனின் பெயரே தராசிற் பாதியாகும் வழக்கு இது. இதனினும் பெரிய கோலொன்றும் வந்தது. 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு உறுப்பினரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. மறு ஆண்டில் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் நிறைவேறியது. தந்தை இலங்கையிற் பிறந்தவர் என்றோ, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்குப் பிறந்தோர் என்றோ காட்டினாலன்றி வழிவழிக் குடியுரிமை இல்லை என்பது அதன் விதி. பிறப்புப் பத்திரம் அரிதாயிருந்த லயத்திலே பூட்டனின் பிறப்பை நிறுவுதல் எவர்க்குக் கூடும்? 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் அக்காங்கிரஸ் உறுப்பினர் ஒருவரும் தெரிவாகவில்லை. 1964 ஒக்ரோபரில் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் ஒன்பது இலட்சத்து எழுபத்தையாயிரம் பேரைத் தொகையாக எடுத்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேர் பின்னர் நோக்கற்பாலர் என வகுத்தது. டேற்றாவைச் சாட்சிக் கூண்டில் அமர்த்தி, ‘நீ விழைவது யாது’ என்றேனும் கேட்டனர். இங்கோ, எண்ணப்பட்டோரை ஒப்பந்த மேசையில் எவரும் கேட்டிலர். எஞ்சியோர் யாவர்க்கும் வழி திறந்தது 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமே. இவ்வரலாற்றை அறிந்தோர் அந்நாடகத்தைக் காணுங்கால், அது வருங்காலக் கற்பனையாகத் தோன்றாது.

இனி, குறையை நோக்குவோம். 1969 பெப்ரவரி 28ஆம் நாள் ஒளிபரப்பான ‘முகில் காவலர்’ என்னும் நாடகம் இதற்குத் தக்க சான்று. ஆர்டானா என்னும் கிரகத்தில் முகிலின்மேல் மிதக்கும் நகரமொன்றுண்டு. அங்கே கலையும் ஓய்வும் நிறைந்த வாழ்வு. கீழே சுரங்கங்களில் ட்ரொக்லைற்றர் என்போர் அரிய கனிப்பொருளொன்றை அகழ்ந்து தருகின்றனர். அவர் இயல்பிலேயே அறிவு குன்றியோர் என்பது மேலோர் துணிபு. அக்கனியிலிருந்து கசியும் வாயுவே அறிவை மழுக்குகின்றது என மருத்துவர் கண்டறிகின்றார். பிறப்பிற் குறையில்லை, பிழைப்பின் சூழலிலேயே குறை என்பது அரிய உண்மை. காலையில் முகில் கீழே படிந்திருக்க மேலே பங்களா ஒளிர்வதையும், சரிவின் மடியில் லயங்கள் புகையோடு மறைந்திருப்பதையும் அப்புத்தளையிலும் நமுனுகுலைச் சாரலிலும் கண்டோர்க்கு இக்காட்சி புதிதன்று.

ஆனால் தீர்வு யாது? கப்பற் றலைவர் கேர்க் வடிமுகமூடிகளைக் கொடுக்கின்றார், தமக்கு வேண்டிய கனியைப் பெறுகின்றார், கப்பல் புறப்பட்டுவிடுகின்றது. மூலக்கதையை அமைத்தோருள் ஒருவரான டேவிட் ஜெரோல்ட், சமூக அநீதி பற்றிய தம் கதை முகமூடி பற்றிய கதையாகச் சுருங்கிற்று எனப் பிற்காலத்திற் குறைகூறியுள்ளார். அவர் கூற்று ஏற்புடைத்தே. முகமூடி அணிந்தபின்னும் சுரங்கம் யாருடையது? முகில் நகரத்தில் வாழ்பவர் யார்? 2014 ஒக்ரோபர் 29ஆம் நாள் கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடிற்று. அவ்விடம் ஆபத்தானதென முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. அறிவு குறைவாய் இருந்தமையால் அம்மக்கள் அங்கு வாழ்ந்தனரல்லர். வேறு நிலம் இல்லாமையால் வாழ்ந்தனர். அத்தகைய குறைக்கு முகமூடி மருந்தாகாது.

வன்னா என்னும் ட்ரொக்லைற்றுப் பெண், தன் மக்களை இயக்கும் தலைவியாக அந்நாடகத்தில் வருகின்றாள். கதை அவளுடையதாய் அமைந்திருத்தல் வேண்டும். எனினும் உண்மையைக் கண்டவர் மருத்துவர். தீர்வை வகுத்தவர் கேர்க். கோல் எப்போதும் மேலிருந்து வருவோர் கையிலேயே உள்ளது. டேற்றாவின் வழக்கிலுங்கூட அவன் மனிதர் மன்றத்தில் மனிதர் கோலாலேயே அளக்கப்பட்டான்.

இதனோடு ஒப்புநோக்கற்பாலது தெளிவத்தை ஜோசப்பின் எழுத்து. 1934இல் பதுளைப் பகுதித் தோட்டமொன்றிற் பிறந்து 2022இல் மறைந்த அவர், தாம் பணிபுரிந்த தோட்டத்தின் பெயரையே தம் பெயரோடு இணைத்துக்கொண்டவர். அவரது ‘மீன்கள்’ என்னும் சிறுகதை, ஒற்றை லய அறையில் ஒரு குடும்பம் படும் நெருக்கடியைப் பொருளாகக் கொண்டது. அங்கே வானிலிருந்து எவரும் இறங்கி வருவதில்லை. கதை முடிந்ததும் புறப்பட்டுச் செல்லக் கப்பலும் இல்லை. உள்ளிருப்போரே தம் வாழ்வை அளந்து காட்டுகின்றனர். ‘ஸ்டார் ட்ரெக்’ கேளாது விட்ட மூன்றாம் வினாவுக்கு இத்தகைய எழுத்தே விடை.

அங்ஙனமாயின் அத்தொடரைத் தள்ளிவிடலாமோ எனின், அஃது அறியாமையாம். அளக்கும் கோலே பிழையுடையதாகலாம் என்னும் ஐயத்தை, கோடிக்கணக்கானோர் இல்லங்களில் ஓர் இயந்திரத்தைச் சாட்சியாக நிறுத்தி எழுப்பியது சிறுபணியன்று. லயத்துக் கூரையின்கீழ் அமர்ந்து அதனைக் காணும் மாணவன், கப்பலிற் செல்ல விரும்புதல் இயல்பே, விரும்புக. அதனோடு அமையாது, கப்பல் சென்றபின் அந்தச் சுரங்கத்தில் எஞ்சியோர் என் ஆயினர் என்னும் கதையைத் தானே எழுதத் துணிவானாயின், அதுவே அத்தொடரை அவன் முழுமையாகச் சுவைத்தமைக்குச் சான்றாகும்.