விளையாட்டுத் திரைப்படங்களுக்கு ஒதுக்கப்பட்ட ஓரம்

தோற்றுக்கொண்டேயிருக்கும் ஓர் அணியோ வறுமையில் உழலும் ஒரு வீரரோ கண்டிப்பான பயிற்றுவிப்பாளர் ஒருவரின் கைபட்டு இறுதிப்போட்டியில் நிமிர்ந்து நிற்பதைச் சொல்லும் உணர்ச்சிமயமான திரைப்படங்கள், மக்களிடம் பெறும் வரவேற்பை விருதுக் குழுக்களிடம் பெறுவதில்லை. அவை அழவைப்பதற்கென்றே எடுக்கப்பட்டவை, முடிவு முன்கூட்டியே தெரிந்தவை, ஆதலால் கலைத்தரத்தில் ஒரு படி தாழ்ந்தவை என்ற எண்ணம் நெடுங்காலமாக நிலவுகிறது. அந்த எண்ணத்தில் பாதி உண்மை. மறுபாதி, விளையாட்டு என்ன செய்கிறது என்பதை உற்றுப் பார்க்காததால் விளைந்தது.

இந்தியத் தேசியத் திரைப்பட விருதுகளின் வரலாறு இதைத் தெளிவாகக் காட்டுகிறது. 2001இல் வெளிவந்த 'லகான்', 2007இன் 'சக் தே இந்தியா', 2013இன் 'பாக் மில்கா பாக்', 2014இன் 'மேரி கோம்' ஆகிய நான்கும் படத்துக்கான பிரிவுகளில் பெற்றது ஒரே விருதைத்தான். நல்ல பொழுதுபோக்கை அளிக்கும் வெகுசனப் படத்துக்கென்று தனியே வகுக்கப்பட்ட விருது அது. மக்கள் விரும்பினார்கள் என்பதை ஏற்றுக்கொள்ளும் அந்தப் பிரிவு, ஆண்டின் மிகச் சிறந்த படம் என்ற இடத்திலிருந்து அவற்றை மரியாதையாகத் தள்ளியும் வைக்கிறது. அந்த முதலிடத்தை 2012ஆம் ஆண்டுக்காகப் பெற்ற 'பான் சிங் தோமர்', இருபத்தெட்டுத் தடைகளையும் ஏழு நீர்க்குழிகளையும் தாண்டி 3,000 மீற்றர் ஓட வேண்டிய தடைதாண்டல் ஓட்டத்தில் தேசிய வீரராக விளங்கிய ஒருவர் சம்பல் பள்ளத்தாக்கில் கொள்ளைக்காரராகிச் சுட்டுக் கொல்லப்பட்ட கதை. இர்பான் கானின் நடிப்புக்கும் படத்துக்கும் கிடைத்த பெருமை முற்றிலும் தகுதியானதே. எனினும் வென்றவரின் கதை பொழுதுபோக்கு, வீழ்ந்தவரின் கதை கலை என்ற பிரிவினை விருதுக் குழுக்களின் மனத்தில் ஊறிப்போயிருக்கிறது என்பதையும் இவ்விருதுகளை அடுத்தடுத்து வைத்துப் பார்க்கையில் மறுக்க இயலாது.

உண்மையில் கேட்கப்பட வேண்டிய கேள்வி, கதைநாயகன் வென்றானா தோற்றானா என்பதன்று. பார்வையாளரின் கண்ணீர் எங்கிருந்து பிறக்கிறது என்பதே. ஆட்டத்தின் விதிகள், உடலின் எல்லைகள், கடிகாரத்தின் நெருக்கடி ஆகியவற்றிலிருந்து பிறந்தால் அது சம்பாதிக்கப்பட்ட கண்ணீர். ஆட்டத்துக்கு வெளியே உள்ள துயரத்திலிருந்து கொண்டுவந்து களத்தில் கொட்டப்பட்டால் அது கடன். 2018இல் வெளிவந்த 'கனா' இந்த இரண்டுக்கும் நடுவே நிற்பது. விவசாயி ஒருவரின் மகள் துடுப்பாட்டத்தில் சுழற்பந்து வீச்சாளராக உயர்வதைச் சொல்லும் அப்படத்தில் சத்யராஜின் தந்தைப் பாத்திரம் நெஞ்சை உலுக்குகிறது; ஆனால் உலுக்குவது வயலும் கடனுமேயன்றிப் பந்துவீச்சு அன்று. அதனாலேயே வெற்றிக்குப் பின் நாயகி உழவரைப் பற்றி உரையாற்ற வேண்டிய தேவை எழுகிறது. ஆட்டம் தானே பேசியிருந்தால் உரை தேவைப்பட்டிராது.

இதற்கு மாறாக, 2021இல் பா. இரஞ்சித் இயக்கிய 'சார்பட்டா பரம்பரை'யில் கபிலனும் டான்சிங் ரோசும் மோதும் காட்சியை எடுத்துக்கொள்ளலாம். பரம்பரை என்பது வடசென்னையில் ஓர் ஆசானின் கீழ்த் தலைமுறைகளாகக் குத்துச்சண்டை பயிலும் குழுவைக் குறிக்கும். குத்துச்சண்டையில் முகத்தைக் கைகளால் காப்பது முதற்பாடம்; டான்சிங் ரோசோ கைகளைத் தாழ்த்தி, இடுப்பை வளைத்து, கால்களைத் தாளத்தில் மாற்றிக்கொண்டே தன் முகத்தை எதிரிக்கு நீட்டுகிறார். கபிலனின் குத்துகள் வெறும் காற்றில் விழுகின்றன. ஒவ்வொரு தவறிய குத்தும் தோளைச் சோர்வடையச் செய்யும் என்பதை ஒளிப்பதிவு சொற்களின்றி உணர்த்துகிறது. துறைமுகத் தொழிலாளியான அந்த இளைஞன் அடிப்பதை நிறுத்தி எதிரியின் கால்களைக் கவனிக்கத் தொடங்கும் கணத்தில் பார்வையாளர் மூச்சை அடக்குவதற்குக் காரணம், அங்கே ஒரு மனிதன் சிந்திப்பதை உடலின் வழியே காண முடிவதுதான். பின்னர் எதிர்ப் பரம்பரையின் வீரர் வெம்புலியை வெல்லும் தறுவாயில் கலவரம் மூட்டப்பட்டு ஆட்டம் குலைக்கப்படும்போது எழும் ஆத்திரமும், ஆட்டத்தின் நியாயம் அதற்கு முன் அவ்வளவு நுணுக்கமாக நிலைநாட்டப்பட்டதன் விளைவே. 2021ஆம் ஆண்டுக்கான தேசிய விருதுகள் 2023இல் அறிவிக்கப்பட்டபோது சிறந்த தமிழ்ப்படமாகக் 'கடைசி விவசாயி' தெரிவானதில் குறை காண எவருக்கும் மனம் வராது. ஆயினும் 'சார்பட்டா'வுக்கு நடனம்போல் அமைந்த அதன் சண்டைகளுக்காகக்கூட எதுவும் கிடைக்காதது அநீதி.

கபடியிலும் இதே உண்மை துலங்குகிறது. பாடிச் செல்பவர் எதிரணியின் எல்லைக்குள் ஒரே மூச்சில் பாடியபடி இருக்க வேண்டும், மூச்சு அறுந்தால் ஆட்டம் இழப்பு என்ற விதியே அவ்விளையாட்டின் நாடகம் முழுவதையும் தன்னுள் வைத்திருக்கிறது. சுசீந்திரனின் 'வெண்ணிலா கபடி குழு' (2009) இறுதி ஆட்டத்தோடு நாயகனின் மூச்சையும் முடித்தபோது, மிகை என்று சிலர் கருதினாலும், அந்த மிகை விளையாட்டின் விதிக்குள்ளிருந்தே வளர்ந்தது. விருதுக் குழு ஒருமுறை இதை உணர்ந்து நடந்ததும் உண்டு: 'இறுதிச்சுற்று' என்ற குத்துச்சண்டைப் படத்துக்காக ரித்திகா சிங்குக்குச் சிறப்புக் குறிப்பு வழங்கப்பட்டது. உண்மையிலேயே களத்தில் மோதிப் பழகியவரான அவர் குத்துவதற்கு முன் இடுப்பும் தோளும் திரும்பும் ஒழுங்கு, நடிப்புப் பயிற்சியால் மட்டும் வருவதன்று.

அமெரிக்காவின் ஒஸ்கார் விருதுகளில் இத்தயக்கம் குறைவு. 1976இன் 'ரொக்கி', 'டாக்சி டிரைவர்' போன்ற படத்தையே பின்தள்ளிச் சிறந்த படமாயிற்று. அதன் நாயகன் புள்ளிகளில் தோற்கிறான் என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். பதினைந்து சுற்றுகளும் நின்று காட்டுவதே அவன் தனக்கு விதித்த இலக்கு, அதை அவன் எட்டுகிறான்.

இலங்கையின் பக்கம் திரும்பினால், துடுப்பாட்டச் சுழற்பந்து வீச்சாளர் முத்தையா முரளிதரனின் வாழ்க்கையைச் சொல்லும் '800' (2023) கண்முன் வரும். முதலில் நாயகனாக நடிக்கவிருந்த விஜய் சேதுபதி விலக நேர்ந்த அரசியல் சர்ச்சை, படத்தைப் படமாகப் பேசும் வாய்ப்பையே பெரும்பாலும் விழுங்கிவிட்டது. பிறவியிலேயே முழுதாக நீட்ட இயலாத ஒரு முழங்கை, 1995 டிசம்பரில் மெல்பேர்ன் மைதானத்தில் அவர் பந்தை எறிகிறார் என்று நடுவர் டரல் ஹெயார் மீண்டும் மீண்டும் அறிவித்த முறையற்ற பந்துகள், பின்னர் அறிவியல் சோதனைகளின் துணையோடு பந்துவீசுகையில் முழங்கையின் 15 பாகை வரையான நீட்சிக்கு இடமளித்துத் திருத்தப்பட்ட விதி: இந்த மூன்றில் ஒரு முழுப் படத்துக்கான நாடகம் அடங்கியிருந்தது. இயக்குநரோ பிறப்பு முதல் எண்ணூறாவது இலக்கு வரை அனைத்தையும் சொல்லிவிட முயன்றதால், அந்த முழங்கைக்கு உரிய நேரம் கிடைக்கவில்லை. உணர்ச்சி மிகுந்ததால் அன்று, ஆட்டம் குறைந்ததால்தான் அப்படம் தளர்ந்தது.

இன்னும் எடுக்கப்படாத ஒரு படம் மட்டக்களப்புக்கு அருகே தன்னாமுனையைக் கடந்து செல்லும் பெருந்தெருவிலேயே கிடக்கிறது. அமெரிக்காவின் லூசியானாவிலிருந்து வந்து, மட்டக்களப்புப் புனித மிக்கேல் கல்லூரி மாணவருக்குக் கூடைப்பந்தாட்டம் பயிற்றுவித்த இயேசு சபைத் துறவி இயூஜின் ஹேபர்ட், 1990 ஆகஸ்ட் 15ஆம் நாள் வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்பை நோக்கிப் புறப்பட்டு, உடன் சென்ற இளைஞரோடு காணாமற்போனார். மட்டக்களப்பு வாவிக்கரை மக்கள் அவரை இன்றும் நினைவுகூர்கின்றனர். இக்கதையை எடுப்பவர், அந்த ஒரு நாளின் துயரத்தை மட்டும் எடுத்தால் விருதுகள் எளிதில் வந்து சேரக்கூடும். ஆனால் அந்தப் பயிற்றுவிப்பாளர் கற்பித்தது ஆட்டத்தை. பந்தைக் கையில் வைத்துக்கொள்ளாமல் ஆளில்லாத இடத்துக்கு அனுப்பும் பழக்கத்தை, உயரம் குறைந்த ஒரு மாணவன் கால்களின் விரைவால் நெட்டையரைக் கடந்துசெல்லும் வழியை. படத்தின் பாதி நேரமாவது அந்த ஆடுகளத்தில் கழிய வேண்டும். அப்படி எடுக்கப்பட்ட படத்தில் அவருடைய மாணவர்கள் ஒரு கிண்ணத்தை வென்று கண்ணீர் விட்டால், அந்தக் கண்ணீருக்காக முதல் விருதைக் கொடுக்க எந்தக் குழுவும் தயங்கக் கூடாது.