கேள்வி கரையிலிருந்து வரட்டும்

ஒரு ஜிபிஎஸ் சில்லு, ஒரு ஆர்டுயினோ பலகை, ஒரு பஸ்ஸர். மீனவர் கடல் எல்லையை நெருங்கினால் கத்தும் கருவி தயார். தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகளில் இறுதியாண்டு ப்ராஜெக்டாகவும் ஹேக்கத்தான் மேடைகளிலும் இது எத்தனையோ முறை செய்யப்பட்டுவிட்டது. ராமநாதபுரம் கடற்கரைக்கு மாணவர்கள் எதையாவது செய்ய நினைத்தால் முதலில் கை போவது இதில்தான். அவர்களின் அக்கறையில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை. என் குறையெல்லாம் அவர்களிடம் நீட்டப்படும் கேள்வியைப் பற்றியது.

பாம்பனிலோ தங்கச்சிமடத்திலோ படகோட்டுபவருக்கு எல்லை எங்கே என்று தெரியும். விசைப்படகுகளில் ஜிபிஎஸ் வந்து வெகுகாலமாகிறது. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் ‘ஃபிஷர் ஃப்ரெண்ட்’ செயலி எல்லை எச்சரிக்கையும் தருகிறது, அலையின் உயரமும் சொல்கிறது. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே சுமார் 30 கிலோமீட்டர்தான். அந்தக் குறுகிய கடலில் 1974, 1976 இந்திய-இலங்கை ஒப்பந்தங்கள் கோடு கிழித்தன. மீன் அந்தக் கோட்டைப் பார்த்து நிற்பதில்லை. இந்தப் பக்கம் மீன்வளம் குறைந்ததும், இழுவை மடியைத் தவிர வேறு தொழிலுக்கு மாற முடியாத கடன் சுமையும்தான் படகை அந்தப் பக்கம் தள்ளுகின்றன. இழுவைப் படகுக்காரர்களை ஆழ்கடலுக்கு மாற்ற 2017இல் வந்த அரசுத் திட்டத்தில் ஒரு படகின் மதிப்பே 80 லட்சம் ரூபாய். மானியம் கொடுத்தும் அந்த மாற்றம் மெதுவாகத்தான் நகர்கிறது. இவ்வளவு பெரிய சிக்கலுக்கு பஸ்ஸர் என்ன செய்துவிடும்?

இதை வைத்து ஹேக்கத்தானே வீண் என்று சொல்ல மாட்டேன். 2017இல் தொடங்கிய ஸ்மார்ட் இந்தியா ஹேக்கத்தானில் அமைச்சகங்களும் நிறுவனங்களும் தங்கள் சிக்கல்களைக் கொடுக்கின்றன. மாணவர்கள் 36 மணி நேரம் உட்கார்ந்து மென்பொருள் எழுதுகிறார்கள். குழுவுக்கு ஆறு பேர், அதில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும் என்பது விதி. நல்ல விதி. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்த பிள்ளை, முன்பின் தெரியாத அதிகாரியின் எதிரே நின்று தான் செய்ததை விளக்குகிறது. அவர் குறுக்குக் கேள்வி கேட்டால் பதில் சொல்கிறது. நான்கு ஆண்டுப் பாடத்திட்டம் இந்தத் துணிச்சலைத் தருவது அரிது. ஓடாத நிரலை விடிவதற்குள் ஓட வைப்பதும் ஒரு கல்விதான். பயிற்சி என்ற அளவில் இந்தப் போட்டிக்கு என் முழு ஆதரவு உண்டு. தீர்வு கண்டுவிட்டோம் என்று பதாகை கட்டும்போதுதான் உறுத்துகிறது.

1999 ஜூனில் கனடாவின் கால்கரி நகரில் ஓபன்பிஎஸ்டி மென்பொருளை எழுதுபவர்கள் பத்துப் பேர் கூடியதையே முதல் ஹேக்கத்தான் என்பார்கள். அவர்கள் எழுதியது தாங்களே பயன்படுத்தும் மென்பொருள். பழுது வந்தால் மறுநாள் திருத்தப்போவதும் அவர்களேதான். நம் போட்டிகளில் கேள்வி கேட்பவர் ஒருவர், விடை எழுதுபவர் இன்னொருவர், அதோடு வாழ வேண்டியவர் மூன்றாமவர். அந்த மூன்றாமவர் அரங்கத்துக்குள் வருவதே இல்லை.

அவரிடம் கேட்டால் கிடைக்கும் கேள்விகள் வேறு. மண்டபம், பாம்பன் கரைகளில் பெண்கள் கடல்பாசி வளர்க்கிறார்கள். 12 அடிக்கு 12 அடி மூங்கில் மிதவை. அதில் கட்டிய கயிறுகளில் சுமார் 60 கிலோ விதைப்பாசியைத் துண்டு துண்டாக முடிந்து கடலில் இறக்குகிறார்கள். 45 நாளில் அது நாலு மடங்காகிறது. கரைக்கு இழுத்து வெயிலில் உலர்த்தினால் பத்துக் கிலோ ஒரு கிலோவாகச் சுருங்கும். ஈரமோ மணலோ இருந்தால் விலை இறங்கும். வாங்க வருபவர் “ஈரம் இருக்கு” என்று சொன்னால், கையால் தொட்டுப் பார்த்து உலர்த்திய பெண்ணிடம் மறுத்துக் காட்ட ஒரு அளவீடு வேண்டாமா? சில நூறு ரூபாயில் ஒரு ஈரமானி செய்வது ஒரு நாளில் தொடங்கக்கூடிய வேலை. வளமாவூரில் சுமார் 127 கோடி ரூபாயில் கடல்பாசிப் பூங்காவுக்கு 2023 செப்டம்பரில் அடிக்கல் நாட்டினார்கள். அந்தத் தொகையின் அருகில் இந்த ஈரமானி சின்னதாகத் தெரியலாம். ஆனால் பேரம் பேசும்போது கையில் இருப்பது அதுதான்.

தீர்ப்புச் சொல்லும் முறையிலும் கோளாறு இருக்கிறது. குளிரூட்டிய அரங்கில், ஐந்தாறு நிமிட ஆங்கிலப் பேச்சையும் வண்ணப் படவில்லைகளையும் வைத்து மதிப்பெண் போடுகிறார்கள். உப்புக்காற்றில் ஒரு வாரம் தாங்குமா, ஈரக் கையால் பொத்தானை அழுத்த முடியுமா, நடுக்கடலில் சிக்னல் போனால் என்ன ஆகும் என்ற கேள்விகளுக்கு மதிப்பெண் பட்டியலில் இடமில்லை. பரிசு வாங்கிய கருவிக்கு மறுநாள் பொறுப்பாளி யார் என்பதற்கும் இல்லை.

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் கிடக்கும். படகையும் வலையையும் பழுது பார்த்தபடி மீனவர்களும் ஊரிலேயே இருப்பார்கள். தேர்வு முடிந்த கையோடு, மே கடைசியில் போட்டியை வைக்கலாம். அதற்கு முந்தைய வாரமே மாணவர்கள் துறைமுகத்துக்கும் பாசி உலர்த்தும் மணலுக்கும் போய்க் கேள்விகளைச் சேகரிக்கட்டும். தடை முடிந்து படகு கிளம்பும்போது கருவியும் கூடவே போய், என்ன பழுதானது என்ற தகவலோடு திரும்பட்டும். ராமநாதபுரத்திலும் கீழக்கரையிலும் பொறியியல் கல்லூரிகள் நடத்துபவர்களிடம் கேட்பது இதுதான்: அடுத்த கோடையில் இப்படி ஒரு போட்டியை நடத்துங்கள், நடுவர் வரிசையில் ஒரு நாற்காலியைப் படகோட்டிக்கும் இன்னொன்றைப் பாசி வளர்க்கும் பெண்ணுக்கும் கொடுங்கள்.