உள்ளே பேசுவது யார்? – எடைக் குறைப்பும் எண்ணத்தின் அரசியலும்

உடம்பைக் குறைக்க வேண்டும் என்று வாய் திறக்கிற எவருக்கும் இன்று எல்லாத் திசைகளிலிருந்தும் ஒரே உபதேசம் கிடைக்கிறது: முதலில் எண்ணத்தை மாற்று. ‘என்னால் முடியாது’ என்று உனக்குள் நீயே சொல்லிக்கொண்டிருக்கிறாய். அந்தப் பேச்சுதான் உன்னைக் கட்டிப்போட்டிருக்கிறது. ‘முடியும்’ என்று சொல்லிப் பழகு, உடம்பு தானாகப் பின்னால் வரும். ஜிம்மில் இதைச் சொல்கிறார்கள், யோகா வகுப்பில் சொல்கிறார்கள், சுயமுன்னேற்றப் புத்தகங்களில் அட்டை முதல் அட்டை வரை சொல்கிறார்கள். கேட்பவர்களும் தலையாட்டுகிறோம். இந்த உபதேசத்தை ஒரு பிரதியாக எடுத்துக்கொண்டு வாசித்துப் பார்க்கலாம் என்று தோன்றியது.

இதைப் பற்றி எழுதப்போகிறேன் என்றதும் இயக்க நண்பர் ஒருவர் சிரித்தார். “ரேஸ்கோர்ஸ்ல காலங்காத்தால வாக்கிங் போறவங்க பிரச்சனைங்க அது. நமக்கெதுக்கு?” பசியைப் பற்றிப் பேசிப் பழகிய நமக்குக் கொழுப்பைப் பற்றிப் பேசக் கூச்சம். ஆனால் 2019-21இல் எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 40.4 விழுக்காட்டினர் அளவுக்கு மீறிய எடை உள்ளவர்கள். ஆண்களில் 37. அதற்கு முந்தைய 2015-16 கணக்கெடுப்பில் இவை 30.9, 28.2 என்று இருந்தன. ஐந்தில் இரண்டு பெண்கள் ரேஸ்கோர்ஸில் குடியிருக்கவில்லை. நாம் பேசாமல் விட்ட இடத்தில்தான் எண்ண வியாபாரம் கடை விரித்திருக்கிறது.

என் பெரியம்மா மகள் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஓவர்லாக் தைக்கிறார். காலை எட்டரைக்கு மிஷின் முன்னால் உட்கார்ந்தால் ஒன்றரை ஷிப்ட் முடிய ராத்திரி எட்டரை. நடுவே இரண்டு தடவை டீ, கூட ஒரு பன்னோ வடையோ. வீட்டுக்கு வந்து சோறாக்கித் தட்டில் போடும்போது பத்து மணி. சர்க்கரை வந்துவிட்டது, எடையைக் குறைக்கச் சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமை வகுப்பு ஒன்றில் சேர்ந்தார். அங்கே ஒரு வாக்கியத்தை எழுதிக்கொடுத்து, தினமும் கண்ணாடி முன் நின்று பத்துத் தடவை சொல்லச் சொன்னார்கள். மூன்று வாரம் சொன்னார், விட்டுவிட்டார். “எனக்கெல்லாம் எங்க தம்பி எளைக்கப்போகுது? என்ற ஒடம்பு வாகே இப்படி. பச்சத்தண்ணி குடிச்சாலும் ஒடம்பு வெக்குது. அந்த நாலு வார்த்தையக்கூட ஒழுங்காச் சொல்ல முடியாத சென்மம் நான்” என்றார். கடைசி வாக்கியத்தைக் கவனிக்க வேண்டும். வகுப்புக்குப் போகும் முன் அக்காவிடம் ஒரு தோல்விதான் இருந்தது. திரும்பி வரும்போது இரண்டு.

இந்த ‘முடியாது’ எங்கிருந்து வருகிறது? முதலில் மொழியைப் பார்ப்போம். ‘எடைக் குறைப்பு’ ஆஸ்பத்திரியும் விளம்பரத் தட்டியும் கொண்டுவந்த சொல். வீட்டில் அதற்குப் பெயர் இளைத்தல். இளைத்தல் நம் மொழியில் நல்ல காரியம் கிடையாது. “எளச்சுப்போய்ட்டியே சாமி” என்று சொல்லும்போதே ஆத்தாவுக்குக் கண் கலங்கிவிடுகிறது. யாருக்கும் இளைத்தவர்கள் அல்ல என்று மேடையில் முழங்குகிறோம். அங்கே இளைத்தவன் என்றால் கீழானவன், தோற்றவன். காய்ச்சலில் கிடந்து எழுந்தவனுக்குச் சதை போட்டால் ‘தேறிட்டான்’. பரீட்சையில் தேறுவதற்கும் அதே சொல்தான். பெண் பார்க்க வருகிறவர்களுக்குப் ‘பூசினாப்புல’ இருப்பது லட்சணம். மானாவாரிக் கொங்கில் கம்பும் சோளமும் ராகியும்தான் அன்றாடச் சாப்பாடு. நெல்லுச்சோறு நோம்பிக்கு நோம்பி. அப்படிப்பட்ட இடத்தில் உடம்பில் ஒட்டிய சதை, அடுத்த பஞ்சத்துக்கான சேமிப்பு. இன்று பஞ்சம் போய்விட்டது, சொல் மட்டும் அப்படியே இருக்கிறது.

இதற்கு இன்னொரு பக்கம் உண்டு. கொழுப்பு என்ற சொல்லைப் பாருங்கள். ‘கொழுப்பெடுத்தவ’, ‘தின்னு கொழுத்துப்போய்த் திரியறான்’ என்கிற வசவுகள் எப்போதும் மேலிருந்து கீழே வருகின்றன. பண்ணாடியின் தொந்தி செல்வாக்கு. பண்ணையாளின் உடம்பில் அதே சதை போட்டால் அது திமிர். பெண்ணுக்கும் அப்படித்தான்: கல்யாணத்துக்கு முன்னால் லட்சணமாக இருந்தது, எதிர்த்துப் பேசிய நாளில் கொழுப்பாகிவிடுகிறது. ஆக, இளைத்தால் தோற்றவள், பெருத்தால் திமிர் பிடித்தவள். இந்த இரண்டு சொற்களுக்கும் நடுவில் உழைக்கிற உடம்புக்குக் கால் ஊன்ற இடமில்லை. அக்கா தனக்குள் பேசிக்கொள்வது இந்த மொழியில்தான். வேறு மொழி அவருக்குக் கொடுக்கப்படவில்லை.

உள்பேச்சு தனிமனிதரின் சொந்தச் சரக்கு என்ற எண்ணத்தை 1929இல் வொலோஷினோவும் 1934இல் வைகோட்ஸ்கியும் உடைத்துவிட்டார்கள். வைகோட்ஸ்கி சொல்வதன் சாரம் எளிமையானது. குழந்தை முதலில் பிறரோடு பேசுகிறது. பிறகு தனக்குத்தானே சத்தமாகப் பேசுகிறது. அந்தச் சத்தம் மெல்ல உள்ளே இறங்கி மௌனமான பேச்சாகிறது. அப்படியானால் உள்ளே கேட்கும் குரல் ஒரு காலத்தில் வெளியே கேட்ட குரல். அல்தூஸர் 1970இல் எழுதிய கட்டுரையில் வரும் போலீஸ்காரனின் ‘ஏய்’ நமக்குத் தெரியும். திரும்பிப் பார்க்கிறவன் அந்த விளியை ஏற்றுக்கொண்ட தன்னிலையாகிறான். தையல் லைனில் “ஏய் குண்டு” என்று கூப்பிட்டால் ஒரு பெண் திரும்புகிறாள். பத்து வருஷம் திரும்பிய பிறகு யாரும் கூப்பிடாமலே உள்ளுக்குள் திரும்பிக்கொள்கிறாள். இதைத்தான் ‘தன்னைத் தானே குறுக்கிக்கொள்ளும் நம்பிக்கை’ என்கிறார்கள். கூப்பிட்டவன் வாக்கியத்திலிருந்து காணாமல் போய்விடுகிறான். குற்றம் திரும்பியவள் தலையில்.

நம் பக்கத்திலேயே, பொள்ளாச்சியைத் தாண்டி ஆழியாற்றில் வேர்விட்ட ஒரு மரபை விட்டுவிட்டு இதைப் பேசுவது நேர்மையாகாது. நெசவாளர் குடும்பத்தில் 1911இல் பிறந்து 2006இல் மறைந்த வேதாத்திரி மகரிஷியின் மனவளக்கலையைச் சொல்கிறேன். கொங்கு ஊர்களில் அதற்கு மன்றங்கள் இருக்கின்றன. எத்தனையோ பேர் அங்கேதான் முதன்முதலாகத் தன் உடம்பைக் கவனித்தார்கள். அதை வெறும் மத்தியதர வர்க்கப் பொழுதுபோக்கு என்று நாம் ஒதுக்கியது சோம்பேறித்தனம். அதன் தற்சோதனையின் முதல் படி ‘எண்ணம் ஆராய்தல்’. எண்ணம் எழுவதற்கு அவர் ஆறு காரணங்கள் சொல்கிறார்: தேவை, பழக்கம், சூழ்நிலைக் கட்டாயம், பிறர் மனத்தூண்டுதல், கருவமைப்பு, தெய்வீகம். ‘முடியும் என்று சொல்’ என்கிற ஞாயிற்றுக்கிழமை வகுப்பைவிட இது எவ்வளவோ மேல். எண்ணத்தைத் துரத்தாமல் அது எங்கிருந்து வந்தது என்று கேட்கச் சொல்கிறது. சூழ்நிலைக் கட்டாயம், பிறர் மனத்தூண்டுதல் என்கிற இரண்டும் சமூகத்தின் பக்கம் திறக்கிற கதவுகள்.

ஆனால் கதவு திறந்த வேகத்தில் மூடிக்கொள்கிறது. காரணம் வெளியே இருந்தாலும் வேலை முழுவதும் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கே கொடுக்கப்படுகிறது. உணவு, உழைப்பு, உறக்கம், உடலுறவு, எண்ணம் ஆகிய ஐந்திலும் அளவும் முறையும் வேண்டும் என்பது அவர் போதனை. இந்த ஐந்தையும் அக்காவின் நாளில் பொருத்திப் பாருங்கள். உழைப்பின் அளவைக் கம்பெனி முடிவு செய்கிறது. உறக்கத்தின் அளவு, அதில் மிச்சமாவது. உணவின் நேரத்தையும் பெரும்பாலும் ஷிப்ட்தான் முடிவு செய்கிறது. உடலுறவின் அளவைப் பற்றி அவரை யாரும் கேட்டதில்லை. கடைசியில் அவர் கைக்கு மிஞ்சுவது எண்ணம் ஒன்றுதான். அதனால்தான் எல்லோரும் எண்ணத்தை மாற்றச் சொல்கிறார்கள். மாற்ற யாருக்கும் செலவில்லாத பொருள் அது.

உடம்புக்கென்று ஒரு பேச்சு உண்டு என்பதையும் நாம் மறக்கக் கூடாது. எல்லாவற்றையும் சொல்லாடலாகக் கரைத்துவிடும் நம் பழக்கம் இங்கே உதவாது. 1944-45இல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ், ஆரோக்கியமான 36 இளைஞர்களை ஆறு மாதம் அரைவயிற்றுச் சாப்பாட்டில் வைத்தார். உடல் எடையில் ஏறக்குறைய கால்பங்கை இழந்த அவர்கள் ஓயாமல் சாப்பாட்டைப் பற்றியே பேசினார்கள், கனவு கண்டார்கள், சமையல் புத்தகங்களைப் படித்தார்கள். மனத்திட்பம் பார்த்துத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் அவர்கள். ‘திங்கணும்’ என்ற குரல் ஊனமான நம்பிக்கையிலிருந்து வரவில்லை, குறைந்த சோற்றிலிருந்து வந்தது. இன்று நாம் எடையை அளக்கும் பி.எம்.ஐ. என்ற குறியீட்டுக்கு 1972இல் அந்தப் பெயரைக் கொடுத்தவரும் இதே கீஸ்தான். அவருடைய அளவுகோல் நம் ஆஸ்பத்திரிச் சுவர் வரை வந்துவிட்டது, அவருடைய பசிச் சோதனை வரவில்லை. 2025இல் டிர்செபடைடும் செமாகுளூட்டைடும் எடைக்கான ஊசிகளாக இந்தியச் சந்தைக்கு வந்தன. போட்டுக்கொண்ட பலர், சாப்பாடு உள்ளே கூப்பிட்டுக்கொண்டே இருந்த சத்தம் அடங்கிவிட்டது என்கிறார்கள். நிறுத்தினால் எடை பெரும்பாலும் திரும்புகிறது. ஓர் ஊசிக்கு அடங்குகிற குரலை இத்தனை நாள் மனபலக் குறைவு என்று சொல்லிப் பெண்களைத் திட்டியதற்கு யார் பதில் சொல்வது? அந்த ஊசிக்குக் கொடுக்கப் பணம் யாரிடம் இருக்கிறது என்பது அடுத்த கேள்வி.

அப்படியானால் நம்பிக்கைக்கு வேலையே இல்லையா? இருக்கிறது. கல்யாண விருந்தில் இரண்டு ஜாங்கிரி தின்றுவிட்டு, நனைந்த பின் முக்காடு எதற்கு என்று அன்று முழுக்கத் தின்பவர்களை நாம் பார்த்திருக்கிறோம். உணவுக் கட்டுப்பாட்டில் இருப்பவர்களிடம் இதைச் சோதனையாகவே செய்து காட்டியிருக்கிறார்கள். ‘முடியாது’ என்ற நினைப்பு கையைக் கட்டத்தான் செய்கிறது. ஆனால் அது எப்படி மாறும் என்பதில்தான் ஏமாற்று நடக்கிறது. ‘என்னால் ஆகும்’ என்ற நம்பிக்கையைப் பற்றி 1977இல் எழுதிய ஆல்பர்ட் பண்டூரா, அதற்கு நான்கு ஊற்றுகளைச் சொன்னார். அவற்றில் வலுவானது, தானே செய்து முடித்த அனுபவம். நம்மைப் போன்றவர் செய்வதைப் பார்ப்பது இன்னொன்று. வாயால் சொல்லித் தைரியம் ஊட்டுவது அவற்றைவிட வலுக் குறைந்தது. தன்னைத் தாழ்வாக நினைப்பவர்கள் தன்னைப் புகழும் வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னால் மனம் இன்னும் சோர்கிறது என்று கனடாவில் ஜோன் வுட் குழுவினர் 2009இல் காட்டினார்கள். அக்கா மூன்று வாரத்தில் கண்டுபிடித்ததும் அதைத்தான்.

போன வருஷம் அக்காவும் அதே லைனில் இருக்கும் இரண்டு பேரும் ராத்திரி ஷிப்ட் விட்டதும் இரண்டு ஸ்டாப் முன்னாலேயே இறங்கி நடக்கத் தொடங்கினார்கள். வகுப்பு இல்லை, மந்திரம் இல்லை. இரண்டு கிலோதான் குறைந்தது. ஆனால் நான் கேட்டபோது வேறொன்றைச் சொன்னார்: “நடக்கறப்ப அந்தக் கொரலு கேக்கறதில்ல தம்பி. மூணு பேரும் பேசிட்டே வர்றமா, அதுக்கு எடமில்லாமப் போயிருது.” வைகோட்ஸ்கியைப் படித்த நான் ஒரு பக்கம் எழுதியதை அவர் ஒரு வரியில் முடித்துவிட்டார். வெளியிலிருந்து உள்ளே போன பேச்சு, வெளியே வேறு பேச்சு கிடைத்தால் இடம் விடுகிறது.

ஆனாலும் இதை வெற்றிக் கதையாக முடிக்க எனக்கு உரிமையில்லை. ஷிப்மென்ட் அர்ஜென்ட் என்றால் நைட் வேலை வந்துவிடும், அந்த வாரம் நடை கிடையாது. 2023 ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றத்தில் 12 மணி நேர வேலைக்கு வழிசெய்யும் மசோதா நிறைவேறியது. எதிர்த்தோம். மே முதல் நாள் அது திரும்பப் பெறப்படுவதாக அறிவிப்பு வந்தது, கொண்டாடினோம். ஒன்றரை ஷிப்டுக்கு அந்தச் சட்டம் ஒருபோதும் தேவைப்பட்டதில்லை என்பதை அன்று மறந்துபோனோம். அந்தப் போராட்டத்தில் கூலியைப் பேசினோம், உரிமையைப் பேசினோம். ராத்திரி பத்து மணிச் சோற்றைப் பற்றி, சர்க்கரையைப் பற்றி, பன்னிரண்டு மணி நேரம் உட்கார்ந்த இடுப்பைப் பற்றி நான் ஒரு வார்த்தை பேசியதாக நினைவில்லை. அது ஏதோ அவரவர் சொந்த உடம்பு விஷயம் என்று என் உள்ளேயும் ஒரு குரல் சொல்லிக்கொண்டிருந்தது. அது யாருடைய குரல் என்று இப்போது கேட்டுக்கொண்டிருக்கிறேன்.