சார்பட்டாவில் கூட்டம் எங்கே போனது?

'சார்பட்டா பரம்பரை'யை மூன்றாவது முறையாகப் பார்த்து முடித்தேன். இந்த முறை ஆர்யாவையும் பசுபதியையும் விட்டுவிட்டு, ரிங் கயிற்றுக்கு வெளியே இருக்கிறவர்களை மட்டும் பார்த்தேன். நிறுத்தி நிறுத்தி, எக்செலில் குறித்துக்கொண்டு. "ஆபீஸ் வேலையா?" என்று வீட்டில் கேட்டார்கள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

2021 ஜூலையில் படம் வந்தபோது எல்லோரும் எமர்ஜென்சியைப் பற்றி எழுதினார்கள், சாதியைப் பற்றி எழுதினார்கள், இரண்டாம் பாதி இழுக்கிறது என்றார்கள். எல்லாம் சரிதான். ஆனால் என் கணக்கில் இது முதலில் ஒரு ரசிகனின் கதை. கபிலன் பாக்ஸராக அறிமுகமாவதில்லை. அம்மாவுக்குத் தெரியாமல் சண்டை பார்க்க ஓடுகிற ஒரு கூலித் தொழிலாளியாகத்தான் வருகிறான். கையுறை போடாமலே, பார்த்துப் பார்த்தே ஆட்டத்தை மனசுக்குள் ஏற்றிக்கொண்டவன். ரங்கன் வாத்தியாருக்கு அவமானம் என்றதும் தாங்க முடியாமல் எழுந்து நிற்கிறான். அதாவது கூட்டத்திலிருந்த ஒருத்தன் கயிற்றைத் தாண்டி உள்ளே போகிறான். பா.ரஞ்சித்தும் தமிழ்ப் பிரபாவும் எழுதியதில் எனக்கு மிகவும் பிடித்த முடிச்சு இதுதான்.

வட சென்னைக்கு வெளியே இருக்கிறவர்களுக்கு ஒரு விளக்கம். பரம்பரை என்றால் ரத்த சொந்தம் இல்லை, வாத்தியார் வழி. சார்பட்டா, இடியப்ப நாயக்கர், எல்லப்ப செட்டியார் என்று உண்மையிலேயே பரம்பரைகள் இருந்தன. ராயபுரத்திலோ காசிமேட்டிலோ இருக்கிற ஒருத்தர் பரம்பரையைத் தேர்ந்தெடுப்பதில்லை. மாமா எந்தப் பக்கமோ, தெரு எந்தப் பக்கமோ, அந்தப் பக்கம். யாழ்ப்பாணத்தில் மத்திய கல்லூரிக்கும் சென் ஜோன்ஸ் கல்லூரிக்கும் 1904 முதல் நடக்கிற கிரிக்கெட் போட்டியும் இந்த ரகம்தான். படித்து முடித்து முப்பது வருஷம் ஆனாலும் பள்ளி விடாது. இங்கே பள்ளிக்கூடம் போகாதவர்களுக்கும் அப்படி ஒரு விடாத சொந்தம் இருந்தது.

முதல் பாதியில் இந்தக் கூட்டத்தை ரஞ்சித் ரொம்பச் சரியாகப் பிடித்திருக்கிறார். அது வெறுமனே கத்துகிற கூட்டம் இல்லை, ஆட்டம் தெரிந்த கூட்டம். ஒரு குத்து விழுவதற்கு முன்பே அது விழப்போகிறது என்று தெரிந்து தோள்கள் அசைகின்றன. டான்சிங் ரோஸ் சண்டையில் அவன் கால்களை நம்மைப் போலவே அவர்களும் வாய் பிளந்துதான் பார்க்கிறார்கள். படம் வந்த வாரம் எங்கள் திருவொற்றியூர் தெருவில் நடந்ததைச் சொல்ல வேண்டும். கொரோனா காலம், தியேட்டர் இல்லை, அமேசான் பிரைம் மட்டும்தான். பக்கத்து வீட்டில் பத்து நிமிஷம் முன்பே தொடங்கிவிட்டார்கள் போல. என் திரையில் ரோஸ் வருவதற்கு முன்பே சுவர் வழியாக விசில் வந்துவிட்டது. கூட்டத்தைப் பற்றிய ஒரு படத்தை ஊரே தனித்தனியாக உட்கார்ந்து பார்த்தது. ஊரே எதிராளியைக் கொண்டாடியது. ஷபீர் கல்லரக்கல் நடித்த அந்த ரோஸ் இடியப்ப பரம்பரை என்பது யாருக்கும் உறுத்தவில்லை.

இங்கேதான் என் முதல் குறை. எதிர்ப் பக்க பாக்ஸருக்குக் கொடுத்த மரியாதையை, எதிர்ப் பக்க ரசிகனுக்குப் படம் கொடுக்கவில்லை. இடியப்ப பக்கம் உட்கார்ந்திருப்பவர்கள் கேலி செய்கிறார்கள், கறுவுகிறார்கள், அவ்வளவுதான். அவர்களில் ஒரு கபிலன் இருந்திருக்க மாட்டானா? அவனுக்கும் அம்மா திட்டியிருக்க மாட்டாளா?

இரண்டாவது குறை பெரிசு. வேம்புலியோடு நடக்கும் ஆட்டம். கபிலன் ஜெயிக்கப் போகிற நேரம், ஆட்சி கலைக்கப்பட்டு (1976 ஜனவரி 31) போலீஸ் ரங்கனைப் பிடிக்க வருகிறது, கலவரம் வெடிக்கிறது, கபிலன் நிர்வாணமாக்கப்படுகிறான். உலுக்கும் காட்சி, மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தக் கலவரத்துக்குப் பின்னால் ஒரு சதி இருக்கிறது, செய்தவனுக்கு முகம் இருக்கிறது, பெயர் இருக்கிறது. ஆகவே கூட்டத்தின் மேல் குற்றம் இல்லை. ஒரு வில்லனை வைத்துப் படம் கூட்டத்தைக் காப்பாற்றிவிடுகிறது.

நிஜத்தில் சதிகாரன் தேவைப்படுவதில்லை. 1980 ஆகஸ்ட் 16 அன்று கல்கத்தா ஈடன் கார்டனில் மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் மோதிய கால்பந்து ஆட்டத்தில் 16 ரசிகர்கள் இறந்துபோனார்கள். மைதானத்துக்குள் ஒரு முரட்டு ஆட்டம், கேலரியில் கைகலப்பு, தப்பிக்க ஓடியவர்களின் நெரிசல். ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தால் வீட்டில் இலிஷ் மீன், மோகன் பகான் ஜெயித்தால் இறால் என்று அழகாகக் கொண்டாடுகிற அதே ஜனங்கள்தான்.

கல்கத்தா வரை போவானேன்? என் அப்பாவின் இடது புருவத்துக்கு மேலே ஒரு தழும்பு உண்டு. எழுபதுகளில் வாங்கியது. "பாக்ஸிங்ல வாங்கினது" என்று நான் பள்ளியில் பீற்றிக்கொண்டிருக்கிறேன். அது பாக்ஸிங் பார்க்கப் போய் வாங்கியது என்று பிறகுதான் தெரிந்தது. மடக்கு நாற்காலி. யார் அடித்தது என்று கேட்டால் பல வருஷம் பதில் வராது. கடைசியில் சொன்னார்: "நம்ம ஆளுதான்டா. நான் எழுந்து நின்னு கத்தினேன், அவனுக்கு மறைச்சிது." எந்தப் பரம்பரை என்று எழுத மாட்டேன், நான் இன்னும் இதே ஏரியாவில் குடியிருக்கிறேன்.

கட்சியும் ஒரு பரம்பரைதான் என்பதைப் படம் வந்த கையோடு பார்த்தோம். எம்.ஜி.ஆரைத் தவறாகக் காட்டிவிட்டார்கள் என்று ராயபுரத்தின் முன்னாள் எம்.எல்.ஏ. ஜெயக்குமார் கோபப்பட்டார். முகமது அலி 1980இல் சென்னைக்கு வந்து ஆடியது எம்.ஜி.ஆர். ஆட்சியில்தான், அதனால் அந்தக் கோபத்தில் கொஞ்சம் நியாயம் உண்டு. ஆனாலும் அது ஒரு விமர்சகரின் கோபம் இல்லை. தன் மூலையைச் சொன்னால் எழுந்துவிடுகிற முதல் வரிசைக்காரரின் கோபம். அதைத் தாழ்த்திச் சொல்லவில்லை.

இரண்டாம் பாதியில் கபிலன் சிறைக்குப் போய்த் திரும்பி, சாராயத்தில் விழுந்து, தொப்பை போடுகிறான். மாரியம்மா அழுகிறாள், பாக்கியம் உடைந்துபோகிறாள். இவனைத் தோளில் தூக்கியவர்கள் எங்கே? இந்த இடத்தில் என் எக்செலில் நிறைய வரிகள் காலி. வீழ்ந்த ஆட்டக்காரனை அவன் ரசிகன் தெருவில் எப்படிக் கடந்து போவான் என்பதற்கு ஒரு காட்சி போதும். பேசுவானா, முகத்தைத் திருப்பிக்கொள்வானா, சாராயத்துக்குக் காசு கொடுப்பானா? பீடி ராயப்பன் வந்து கபிலனை மீண்டும் தயார் செய்கிறார். கடைசிச் சண்டைக்குக் கூட்டமும் வந்துவிடுகிறது, ஸ்விட்ச் போட்டதுபோல. அங்கே அது கை தட்டுகிற பின்னணி மட்டுமே. முதல் பாதியில் ஆட்டத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள், கடைசியில் ஆட்டத்துக்கு இசை கூட்டுகிறார்கள்.

அப்பாவும் என்னோடு உட்கார்ந்துதான் படத்தைப் பார்த்தார். கலவரக் காட்சியில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், பிறகு மாட்டிக்கொள்ளவில்லை. படம் முடிந்ததும், எப்படி என்று கேட்டேன்.

"சத்தம் சரியா இருக்கு" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அந்த ரோஸ் ஆட்டத்தை மட்டும் இன்னொரு தபா போடு."

போட்டேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.